சுஹைலியின் அறை

கடற்பயண நூல்களை நாம் பெரும்பாலும் அலைகளுக்காகத்தான் வாசிக்கிறோம். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எழுதிய ‘எ வேர்ல்ட் ஆஃப் மை ஓன்’ (1969) நூலுக்கும் அப்படித்தான் பேர். 1968 ஜூன் 14 அன்று ஃபால்மத்திலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல், தன்னந்தனியாக உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பியவர் அவர். போட்டியில் இறங்கிய ஒன்பது பேரில் அவர் ஒருவர்தான் முடித்தார். சாகசக்கதை என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் புத்தகம் பிடித்தது, படகுக்குள் ஓர் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதற்காக.

சுஹைலி 32 அடிப் படகு, பம்பாயில் தேக்குமரத்தில் கட்டியது. செப்டம்பரில் தெற்குப் பெருங்கடலில் ஓர் அலை அதைப் பக்கவாட்டில் புரட்டிப் போடுகிறது. தூங்கிக்கொண்டிருந்தவர் மேல் சாமான்கள் வந்து குவிகின்றன. எழுந்திருக்க முடியவில்லை. படகு நிமிர்ந்த பிறகு பார்த்தால் அறையைச் சுற்றிலும் விரிசல், உள்தடுப்புகள் இடம் மாறியிருக்கின்றன. கொல்ல வந்தது கடல்தான், ஆனால் கைக்கு எட்டிய தூரத்தில் அடித்தது அவருடைய சொந்தத் தட்டுமுட்டுச் சாமான்.

படகுக் கண்காட்சிகளில் விற்கிற அறையை நினைத்துப் பாருங்கள். விசாலம், வழவழப்பான தரை, அகலமான சோபா. துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும்வரை எல்லாம் ஜோர். காற்றில் ஒருபக்கம் சாய்ந்து ஓடும்போது அந்த விசாலம்தான் விழுவதற்கான தூரம். குறுகலான அறையில் இடுப்பு இடிக்கும், அவ்வளவுதான். டவுன் பஸ்ஸில் நின்று போகிறவருக்கு இது தெரியும்: ஒரு கம்பியை விடுமுன் அடுத்த கம்பி கைக்கு எட்ட வேண்டும். குட்டையானவருக்கும் எட்ட வேண்டும், அதைத்தான் பல வடிவமைப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சமையல் மூலை இன்னும் மோசம். அடுப்பை அச்சில் தொங்கவிடுவார்கள், படகு சாய்ந்தாலும் அது மட்டமாக நிற்கும். சமைக்கிறவர் மட்டமாக நிற்க மாட்டாரே! அவர் அடுப்பின் மேல் விழாமலிருக்க முன்னால் ஒரு குறுக்குக்கம்பி, பின்னால் சாயாமலிருக்க இடுப்புக்கு ஒரு பட்டை. மேசை விளிம்புக்கு வரப்பு. கூர்மையான மூலைகளையெல்லாம் உருட்டிவிட வேண்டும். படுக்கை ஒடுக்கமாக, பக்கத்தில் உருளாமல் தடுக்கும் துணியோடு. பேட்டரியும் தரைப்பலகையும் படகு தலைகீழானாலும் கழன்று வரக் கூடாது.

இதெல்லாம் தச்சு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின, புயலில் 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். கைவிடப்பட்ட 24 படகுகளில் மூழ்கியவை 5. மற்றவை ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. ஏன் இறங்கிப் போனார்கள் என்பதற்குக் காரணங்கள் பல. ஆனால் பேட்டரியும் அடுப்பும் பறக்கிற, முழங்கால் தண்ணீரில் தரைப்பலகை மிதக்கிற ஓர் அறைக்குள் எத்தனை மணி நேரம் ஒருவர் இருந்துவிட முடியும்?

அதே உலகப் போட்டியிலிருந்து விலகி தாஹித்திக்குப் போனவர் பெர்னார் மொய்த்தெசியே. ‘தி லாங் வே’ எழுதிய அவரைத்தான் இலக்கிய வாசகர்கள் கொண்டாடுகிறார்கள். நல்ல எழுத்தாளர், சந்தேகமில்லை. அவருடைய படகில் உள்ளிருந்தபடியே வெளியே பார்த்துச் சுக்கான் பிடிக்க ஒரு கூண்டுகூட இருந்தது. ஆனால் அவர் பக்கங்களில் கண் எப்போதும் வெளியே, வானத்தில். நாக்ஸ்-ஜான்ஸ்டன் வணிகக் கப்பல் அதிகாரி. வாக்கியத்தில் நயம் கம்மி, எது உடைந்தது, எதை எதோடு முடுக்கினேன் என்று போய்க்கொண்டே இருப்பார். எனக்கு அந்த வறட்சி ஒத்துவருகிறது. ஒரே குறை, இரும்பு மனிதர் மாதிரி சட்டென்று வேலைக்குத் திரும்பிவிடுகிறார். அந்த இருட்டு அறைக்குள் இன்னும் நாலு பக்கம் நம்மை உட்கார வைத்திருக்கலாம்.

நல்ல படகுகளில், அறைக்குள் இறங்கும் ஏணிப்படியின் இரு முனைகளும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாதத்துக்கு ஒரு மட்டமான இடம் கிடைக்கும். அந்த வளைவை முதலில் செதுக்கிய தச்சரைப் பற்றி யாராவது எழுதினால் முதல் ஆளாக வாங்கி வாசிப்பேன்.