உரியவர் இல்லாத உடைமை

சினுவா அச்சிபே எழுதிய 'மக்களின் மனிதன்' என்னும் ஆங்கில நாவல் 1966 ஜனவரியில் வெளிவந்தது. பெயர் குறிப்பிடப்படாத ஓர் ஆபிரிக்க நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றுவதோடு கதை முடிகிறது. அதே மாதம் 15ஆந் திகதி நைஜீரியாவிலும் இராணுவம் கிளர்ந்தெழுந்தது. இவ்வொற்றுமையை வியப்பதோடு விமர்சகர் பலர் அமைதியடைந்து விடுகின்றனர். நாவலின் மெய்யான வலிமை வேறிடத்தில் இருக்கிறது.

கோப்பி விலை வீழ்கிறது. பயிரிடுவோருக்குக் கொடுக்கும் விலையைக் குறைக்க வேண்டுமென்கிறார் நிதி மந்திரி. தேர்தலை நினைத்துப் பிரதமர் நோட்டுகளை அச்சிடச் சொல்கிறார். மறுத்துரைத்த மந்திரிமார் தேசத்துரோகிகள் என்று நீக்கப்படுகின்றனர். அவர்களைத் தூக்கிலிட வேண்டுமெனப் பின்வரிசையிலிருந்து கூச்சலிட்ட நங்கா, பிறகு கலாசார மந்திரியாகிறான். அந்நாட்டில் தேசபக்தியின் சந்தை விலை இதுதான்.

நங்காவை எதிர்க்கும் ஒடிலி எம்மைப் போன்ற பட்டதாரி ஆசிரியன். போட்டியிலிருந்து விலகுவதற்கு நங்கா நீட்டிய 250 பவுணை அவன் ஏற்கவில்லை. ஆயின், தான் விரும்பிய பெண்ணுக்காக நங்கா முன்னர் கொடுத்திருந்த பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க, கையில் எஞ்சிய கட்சி நிதியிலிருந்து 'கடன்' எடுக்கத் தீர்மானிக்கிறான். கட்சிகள்தாம் கலைக்கப்பட்டுவிட்டனவே என்பது அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். ஆசிரியர்களாகிய நாம் இவ்விடத்தை இருமுறை வாசித்தல் தகும்.

இதற்கு எதிராக அச்சிபே ஒரு கிராமத்தை நிறுத்துகிறார். ஜோசையா என்னும் கடைக்காரன் வசிய மருந்துக்காகக் குருடனொருவனின் ஊன்றுகோலைக் கவர்கிறான். ஊரார் ஒருவரும் அவன் கடைக்குப் போகவில்லை, வியாபாரம் அழிகிறது. ஊன்றுகோலுக்கு உரியவனை ஊர் அறியும். தேசத்தின் கருவூலத்துக்கு உரியவர் யார் என்பதையோ அதே ஊரார் உணரவில்லை. 1960இல் கொடி மாறியபோதும் நைஜீரியாவில் அரசு அந்நியனின் பண்டமாகவே மக்கள் மனத்தில் நின்றது. ஊழலின் வேர் இங்கேயே இருக்கிறது.

1983இல் வெளிவந்த 'நைஜீரியாவின் தொல்லை' என்னும் நூலில் அச்சிபே, நாட்டின் நோய் தலைமையின் தோல்வியே என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பைவிட நாவல் ஆழமானது. எனினும் நாவலிலும் ஒரு குறையுண்டு. 1964 ஜூனில் நைஜீரியத் தொழிலாளர் ஊதிய உயர்வுக்காகப் பொது வேலைநிறுத்தம் செய்து அரசாங்கத்தை இறங்கிவர வைத்தனர். அந்த வர்க்க சக்திக்கு நாவலில் உரிய இடமில்லை. ஆதலினாலேயே மீட்பு இராணுவத்திடமிருந்து வருகிறது. 1966 முதல் 1999 வரையான காலத்தின் பெரும்பகுதியை இராணுவத்தினரே ஆண்டனர், கொள்ளை நிற்கவில்லை.

கொள்கை வழுவாத தலைவர் வானத்திலிருந்து இறங்குவதில்லை. கணக்குக் கேட்கும் மக்களே அவரை உருவாக்குகின்றனர். ஜோசையாவின் கடைவாசலில் ஊரார் செய்ததை, மந்திரியின் வாசலிலும் நமது சங்கங்களின் பணப்பெட்டி முன்னும் செய்யப் பழகுதலே தேசபக்தியின் முதற்பாடம்.