மச்சுக்கு ஏறிப் பாருங்கள்!

பழைய ஓட்டுவீடு வைத்திருக்கும் குமரி மாவட்டத்துக்காரர்களே, தலைக்குமேல் ஓர் அறையைச் சும்மா போட்டு வைத்திருக்கிறீர்கள்! தக்கலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மரவீட்டின் மச்சைப் படிப்பறையாக்கியதிலிருந்து எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் இதையேதான் சொல்லித் திரிகிறேன். என்னைக் கண்டதும் சொந்தக்காரர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். மாற்றட்டுமே!

மழை கொட்டுகிற ஊர் என்பதால் அன்றைய ஆசாரிமார் கூரையை நல்ல சரிவாக நிறுத்தினார்கள். 16 அடி அகல வீட்டில் சரிவு 45 பாகை என்றால், மச்சுத் தளத்திலிருந்து மோட்டுவளை வரை 8 அடி உயரம் கிடைக்கும். நடுவில் தாராளமாக நடக்கலாம். குனிய வேண்டிய ஓரங்களும் வீணில்லை: உருளை வைத்த பெட்டிகள், தாழ்வான புத்தக அலமாரி, ஒரு மெத்தை. ஓரம்தான் எனக்கு இப்போது பிடித்த இடம்!

வேலைக்கு வந்த ஆசாரி முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "அந்தக் குறுக்குச் சட்டத்த மட்டும் தொடப்பிடாது, பாத்துக்கிடுங்க. எடுத்தா கூரை ரெண்டு பக்கமும் விரிஞ்சு சுவரத் தள்ளீரும்." தேங்காயும் புளிப்பானையும் தாங்கிய தளம்தான், ஆனாலும் ஆள் நடமாட்டத்துக்காகப் பழைய உத்திரங்களுக்கு இடையே புதிதாக அயினிக் கட்டைகள் கொடுத்தார். கனமான அலமாரிகள் கீழ்ச்சுவருக்கு நேர்மேலே வந்தன. ஏணி போய் மரப்படி வந்தது. அது மோட்டுவளைக்கு நேர்கீழே வந்து முடிவதால் ஏறும்போது மண்டை இடிப்பதே இல்லை. என்ன ஒரு கணக்கு!

வெக்கையைத்தானே கேட்கப்போகிறீர்கள்? மேலோட்டுக்கு அடியில் சீலிங் ஓடு பாவினோம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்கு அங்குள்ள சாய்வான மர அழிகள் நினைவிருக்கும்: காற்று வரும், வெளிச்சம் வரும், வெயிலும் மழையும் வராது. 1750 வாக்கில் மார்த்தாண்ட வர்மா எழுப்பிய நான்கு நிலை உப்பரிகை மாளிகை அங்கே இன்றும் நிற்கிறதே, அதைவிடவா சான்று வேண்டும்? அதே அழிகளை எங்கள் முகப்பின் இரு முக்கோணங்களிலும் வைத்தோம். மேலே சேரும் சூடான காற்று அப்படியே வெளியேறிவிடுகிறது. வடக்குச் சரிவில் நான்கைந்து கண்ணாடி ஓடுகள் மாட்டியதில் பகலில் விளக்கே வேண்டாம். கொல்லாங்கொட்டை எண்ணெய் பூசிய கைமரங்கள் கருகருவென்று மின்னுகின்றன. அழிக்குப் பின்னால் கம்பிவலை அடித்ததால் வௌவாலுக்கும் மரநாய்க்கும் வழியில்லை.

ஆடிச் சாரலில் ஓட்டுக்கு இரண்டடி கீழே படுத்துப் படித்துப் பாருங்கள், கீழே இறங்கவே மனம் வராது!

இடம் போதவில்லை என்று வீட்டை இடித்துக் கான்கிரீட் போட நினைப்பவர்கள், கொத்தனாரைக் கூப்பிடும் முன் ஒரு டார்ச்சும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு மச்சுக்கு ஏறுங்கள். மோட்டுவளை வரை 7 அடிக்குமேல் இருந்தால் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.