தேய்ந்த பூச்சும் தேயாத சாட்சியும்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில், பெபிள் பீச் என்னும் கடற்கரைப் பகுதியில் ஆண்டுதோறும் பழம்பெரும் மோட்டார் கார்களின் அழகுப் போட்டி ஒன்று நடைபெறுகிறது. 1950இல் தொடங்கிய போட்டி அது. அதன் புல்வெளிக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை முகம் பார்க்கும் கண்ணாடியெனப் பளபளப்பவை. பழைய பூச்சு முழுவதும் சுரண்டப்பட்டு, நெளிந்த தகடு நேராக்கப்பட்டு, புதிய வண்ணம் அடுக்கடுக்காகப் பூசப்பட்டவை. ஆனால், 2024ஆம் ஆண்டு அங்கே முதற்பரிசு பெற்ற கார் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. 1934ஆம் ஆண்டின் புகாட்டி 59 அது. கறுப்புப் பூச்சு மங்கி, வெடித்து, இடையிடையே உதிர்ந்த கோலத்திலேயே வந்து நின்றது. புதுப்பிக்கப்படாமல் காக்கப்பட்ட காருக்கு அப்போட்டியின் தலைப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை.

இத்தீர்ப்பு முறையானதா? தேய்ந்த பூச்சில் உண்மையிலேயே அழகு உண்டா? அல்லது செல்வந்தர்களின் விசித்திர ரசனையா இது?

கிதாபு ஓதிக்கொடுக்கும் நமக்கும் கார்ப் பூச்சுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. நாம் மாணவராயிருந்த நாளில், ஓதிய இடத்தில் கையெழுத்துக் கிதாபு ஒன்று இருந்தது. அதன் ஓரங்களில் தலைமுறை தலைமுறையாக உஸ்தாதுமார்கள் எழுதிய குறிப்புகள் நிறைந்திருந்தன. இன்ன நாளில் இதுவரை ஓதி முடிந்தது என்னும் அடையாளங்களும் இருந்தன. கிதாபு நைந்துவிட்டதே என்று, நல்லெண்ணத்தோடுதான், புதுக்கட்டுப் போடக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது தோல் அட்டை மின்னிற்று. ஏடுகளின் ஓரம் ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தது. குறிப்புகளில் பாதி, வெட்டுத் துண்டுகளோடு போயிற்று! மூலத்தில் ஓரெழுத்தும் குறையவில்லை. ஆனால் அதனை ஓதி வந்தவர்களின் தடம் அழிந்தது. எங்கள் உஸ்தாத் அந்தக் கிதாபைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். பெபிள் பீச் செய்தியைப் படித்தபோது நமக்கு அந்த அமைதிதான் நினைவுக்கு வந்தது.

காரின் பூச்சு எவ்வாறு தேய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வண்ணப்பூச்சு என்பது, சுருங்கச் சொன்னால், இரு பொருள்களின் கூட்டு. நிறம் தரும் பொடி ஒன்று. அப்பொடியைத் தகட்டோடு பிணைக்கும் பிசின் மற்றொன்று. ஆதியில் கார்களுக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷ் உலர்ந்து முடிய வாரங்கள் பிடித்தன. 1920களில் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு வந்து அந்தத் தாமதத்தைப் போக்கியது. எந்தப் பூச்சாயினும் வெயிலின் புறஊதாக் கதிர்கள் நாளடைவில் பிசினைச் சிதைக்கின்றன. அப்போது பொடி மேலே வந்து, தொட்டால் சுண்ணாம்புபோல் விரலில் ஒட்டுகிறது. வெப்பத்திலும் குளிரிலும் தகடு விரிந்து சுருங்குகையில், இறுகிப்போன பூச்சு அதனோடு ஒத்து அசைய மாட்டாமல் நுண்ணிய வெடிப்புகளாகப் பிளக்கிறது. துடைத்துத் துடைத்து விளிம்புகள் மெலிய, அடிப்பூச்சு எட்டிப் பார்க்கிறது.

இவையன்றி மனிதர் இடும் தேய்மானம் வேறு. ஓட்டுபவரின் முழங்கை படிந்த கதவு மேல்விளிம்பு, ஏறி இறங்கும் கால் உரசிய படி, எஞ்சின் மூடியைக் கட்டும் தோல்வார் அறுத்த கோடு, சாலைக்கல் தெறித்த முன்புறம் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு காரணத்தால், ஒரு வரிசையில் தேய்ந்தவை. அறிந்தவர் கண்ணுக்கு அது ஓர் ஏடு. கிதாபின் ஓரக்குறிப்பைப் படிப்பதுபோல் அதனைப் படிக்கலாம்.

பழமை ஏறிய மேற்பரப்பை இத்தாலியர் ‘பட்டினா’ என்றனர். ஆங்கிலேயரும் அச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். நம் மொழியில் ‘களிம்பு ஏறிற்று’ என்றால் பழிப்பு. ‘மெருகு ஏறிற்று’ என்றால் புகழ்ச்சி. பாட்டனார் காலந்தொட்டு வீட்டில் இருக்கும் ஓதும் பலகையைப் பாருங்கள். கை பட்டுப் பட்டு வழவழத்த அதன் விளிம்பை யாரும் பழுதென்று சொல்வதில்லை. கவனிப்பாரற்றுக் கிடந்ததில் வருவது களிம்பு. கையாண்டதில் வருவது மெருகு. தேய்ந்த பூச்சின் அழகை மதிப்பிட இந்த வேறுபாடே நமக்கு உரைகல்.

அந்த உரைகல்லில் மூன்று கார்களை உரைத்துப் பார்ப்போம்.

முதலாவது, பரிசு பெற்ற புகாட்டியே. பிரான்சின் பந்தய நிறமான நீலத்தில் ஓடிய வண்டி அது. பின்னர் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டு அதனை வாங்கி, கறுப்பு நிறமும் மஞ்சள் பட்டையும் தீட்டச் செய்தார். புதுப்பிப்பவர் இங்கே என்ன செய்வார்? நீலத்துக்குத் திரும்பினால் மன்னரின் காலம் மறையும். கறுப்பைப் புதிதாகப் பூசினால் அதற்குப் பின் வந்த எண்பது ஆண்டுகளுக்கும் மேலான காலம் மறையும். தேய்ந்த பூச்சோ யாரையும் விரட்டாமல் எல்லோருக்கும் இடமளிக்கிறது. இது மெருகு, பரிசு தகும்.

இரண்டாவது, 1961ஆம் ஆண்டின் பெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர். நடிகர் அலென் தெலோன் ஒருகாலத்தில் வைத்திருந்த இக்கார், பிரான்சின் மேற்குப் பகுதியில் ஒரு கொட்டகையில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. 2015 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் தூசியும் துடைக்கப்படாமல் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. கண்டெடுத்ததை அப்படியே காட்டுவதில் ஒரு நேர்மை உண்டுதான். ஆயினும் தூசி காரின் பகுதியன்று; ஈரத் துணியால் போய்விடுவது. அத்தூசியை வியந்தோர் காரின் வரலாற்றை வியக்கவில்லை, கண்டெடுத்த கதையையே வியந்தார்கள். அதனை அழகென்று ஒப்ப நம் மனம் இடந்தரவில்லை.

மூன்றாவது, 1925ஆம் ஆண்டின் புகாட்டி பிரெஸ்கியா. பல பத்தாண்டுகள் மஜ்ஜோரே ஏரியின் அடியில் கிடந்து, 2009இல் மேலே தூக்கப்பட்டது. மறு ஆண்டு ஏலத்தில் 2,60,500 யூரோவுக்கு விற்று, கலிபோர்னிய அருங்காட்சியகம் ஒன்றில் அதே கோலத்தில் வைக்கப்பட்டது. (அந்த அருங்காட்சியகம் 2024இல் மூடப்பட்டது.) அதில் பூச்சு என்று சொல்ல ஏதுமில்லை, துரு தின்ற எலும்புக்கூடு. பார்ப்பவர் நெஞ்சில் இரக்கமும் அச்சமும் எழும். அது இடிபாட்டின் அழகு; மெருகன்று.

இனி மறுதரப்பைக் கேட்போம். ‘செய்தவன் பளபளப்பாகத்தானே செய்தான்? அவன் கருத்தை மீட்பதுதானே அவனுக்குச் செய்யும் மரியாதை?’ என்பர். வலுவான வாதம். அடியோடு பாழான வண்டிக்கு வேறு வழியுமில்லை. அங்கே புதுப்பிப்போரின் கைத்திறனை நாமும் போற்றுகிறோம். ஆனால், இன்றைய பட்டறையில் ஏறும் மினுக்கம் பலபோது செய்தவனும் கண்டறியாதது. புத்தம் புதிதாய் ஆலையிலிருந்து வெளிவந்த நாளிலும் அக்கார் அப்படி மின்னியதில்லை. அவ்வாறிருக்க, மீட்கப்பட்டது அவன் கருத்தா, நம் ஆசையா? மேலும், புதுப்பூச்சை எப்போது வேண்டுமாயினும் பூசலாம். சுரண்டிய பழம்பூச்சை எந்தச் செல்வத்தாலும் திரும்பப் பெறலாகாது. ஐயமுள்ள இடத்தில் கையை நிறுத்துவதே அறிவுடைமை. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான பீவா வகுத்த டூரின் சாசனமும், உள்ளதைக் காப்பதையும் இழந்ததை மீட்பதையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது.

காப்பது என்பது சும்மா விட்டுவிடுவதன்று. துருவைத் தடுக்க வேண்டும். உதிரும் பூச்சை நிலைநிறுத்த வேண்டும். பிரேக்கும் டயரும் பழுதற இருக்க வேண்டும். புதுப்பிப்பதைவிட இதற்குப் பொறுமை மிகுதியாக வேண்டும்.

இறுதியாக ஒரு தீமையைச் சுட்டாமல் முடிக்க இயலாது. தேய்ந்த பூச்சுக்கு விலை கூடியதும், தேய்மானத்தையே செயற்கையாய் உண்டாக்குவோர் தோன்றிவிட்டனர். புதுப்பூச்சை உப்புத்தாளால் தேய்த்து, அமிலத்தால் துரு வரவழைத்து, பழமை வேடம் கட்டுகின்றனர். விளையாட்டுக்காகச் செய்து, செய்ததைச் சொல்லிவிட்டால் குற்றமில்லை. மறைத்து விற்றால், அரபியில் ‘தத்லீஸ்’ என்போமே, சரக்கின் குறையை மறைக்கும் அந்த வஞ்சகத்தின் புதுவடிவே அது. அங்கே குறையை மறைத்தார்கள். இங்கே குறையையே பொய்யாகப் படைக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டு தேய்மானமும் ஒன்றுபோலவே தோன்றலாம். ஆனால், பொய்யென்று தெரிந்த கணத்தில் அழகு போய்விடுகிறதே, ஏன்? நாம் ரசித்தது நிறத்தையன்று, சாட்சியத்தை. பொய்ச்சாட்சி எத்துணை இனிமையாகப் பேசினாலும் சாட்சியாகாது.

ஆகவே நம் தீர்ப்பு இது: தேய்ந்த பூச்சு அழகுதான், அது உண்மையாக இருக்கும்வரை. பழைய பொருள் ஒன்று நம் கைக்கு வருங்கால், அது காராயினும் கிதாபாயினும் வீட்டுக் கதவாயினும், சுரண்டுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்போமாக. அதன் ஓரத்தில் யாரோ ஏதேனும் எழுதி வைத்திருக்கக் கூடும்.