எல்லோருக்கும் ஒரே மன்னிப்பு

2019 மார்ச்சில், ஹோலிக்குச் சில நாட்கள் முன்பு, சர்ஃப் எக்ஸல் விளம்பரம் ஒன்று சர்ச்சையில் மாட்டியது. வெள்ளை உடுப்பு போட்ட ஒரு சிறுமி சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்றி, எல்லாப் பிள்ளைகளும் எறியும் சாயத்தையும் தன்மேல் வாங்கிக்கொள்கிறாள். அவர்களிடம் சாயம் தீர்ந்ததும், வீட்டுக்குள் காத்திருந்த முஸ்லிம் பையனை வெளியே கூப்பிட்டுப் பின்னால் உட்காரவைத்து, பள்ளிவாசல் வாசலில் இறக்கிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. இந்துப் பண்டிகையை அவமதித்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அதில் சிலர் ஆவேசத்தோடு கூகுள் பிளே ஸ்டோருக்குப் போய், மைக்ரோசாஃப்ட் எக்ஸல் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு வந்தார்கள்.

மென்பொருளில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எக்ஸல்மேல் எனக்கும் தீராத கோபம் உண்டு. நாம் தட்டும் எண்ணையெல்லாம் தேதி என்று நினைத்துக்கொள்ளும். ஆனால் அது மதம் சார்ந்த கோபம் இல்லை.

இந்தக் கதையைச் சொன்னால் எந்தக் கூட்டத்திலும் சிரிப்பு நிச்சயம். சிரித்து முடித்ததும் ஒரு முடிவும் தயாராக இருக்கும்: விளம்பரத்தைப் பார்த்துப் புண்படுகிறவர்கள் மூளையைக் கழற்றி வைத்தவர்கள். வசதியான முடிவு. அதை வைத்துக்கொண்டு 2023 ஜூனில் ஜொமேட்டோ வெளியிட்ட விளம்பரத்துக்கு வந்தால்தான் இடிக்கிறது.

'லகான்' படம் (2001) பார்த்தவர்களுக்குக் கச்ராவைத் தெரியும். கை ஊனமான தலித் பாத்திரம். அவன் தொட்ட பந்தை நாங்கள் தொட மாட்டோம் என்று ஊரே முறுக்கிக்கொண்டு நிற்கும். கச்ரா என்றால் குப்பை. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு ஜொமேட்டோ என்ன செய்தது என்றால், அந்தப் பாத்திரத்தில் நடித்த ஆதித்ய லாகியாவையே கூட்டிவந்து, விளக்காகவும் துண்டாகவும் காகிதமாகவும் உட்காரவைத்தது. இந்தப் பொருளைச் செய்ய இத்தனை கிலோ கச்ரா ஆனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பிளாஸ்டிக் மறுசுழற்சி பற்றிய விழிப்புணர்வாம்.

இந்த ஜோக் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பாருங்கள். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள சிலேடை மட்டும்தான் அதன் மூலதனம். படத்தில் அந்தப் பெயர் ஒரு மனிதனுக்கு ஊர் கொடுத்த தண்டனை. விளம்பரம் தண்டனையைக் கழற்றிவிட்டுச் சிலேடையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நாம் சிரிக்க வேண்டுமென்றால் அந்தப் பந்துக் காட்சியை மறக்க வேண்டும். மறக்கவும் கூடாது, ஏனென்றால் முகம் நினைவுக்கு வந்தால்தான் ஜோக் புரியும். போதாததற்கு, அந்த ஆள் ஒரு பொருளாக அசையாமல் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் அவரைப் பயன்படுத்துகிறார்கள். எழுதியவர், படம் பிடித்தவர், ஒப்புதல் கொடுத்தவர் என்று எத்தனை கைகள் வழியாக இது வந்திருக்கும்! 'மசான்' இயக்குநர் நீரஜ் கேவான் இதைச் சாதிய விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொன்னார். தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஜொமேட்டோ விளம்பரத்தை நீக்கிவிட்டு, நகைச்சுவையாகச் சொல்லத்தான் நினைத்தோம், எங்களை அறியாமல் சில சமூகத்தினரின் மனதைப் புண்படுத்தியிருக்கலாம் என்றது.

இதே மாதிரி ஓர் அறிக்கையை மூன்று வருடம் முன்பே படித்திருந்தோம். 2020 அக்டோபரில் தனிஷ்க் வெளியிட்டது. ஒரு முஸ்லிம் மாமியார் தன் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துகிறார். இது உங்கள் வீட்டு வழக்கமில்லையே என்று மருமகள் கேட்க, பெண்ணைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டே என்கிறார் மாமியார். ஒரு நிமிடம்கூட ஓடாத படம். 'லவ் ஜிகாத்' என்று ட்விட்டரில் புறக்கணிப்பு கிளம்பியது. குஜராத்தின் காந்திதாம் கடையில் மிரட்டல் வந்து, கதவில் கைப்பட எழுதிய மன்னிப்பை ஒட்டினார்கள். எந்த விதியும் மீறப்படவில்லை என்று விளம்பரத் தரக் கவுன்சில் புகாரைத் தள்ளிவிட்டது. இருந்தும் தனிஷ்க் படத்தைத் திரும்பப் பெற்றது. புண்பட்ட உணர்வுகளையும் ஊழியர்களின் நலனையும் மனதில் வைத்து, என்று காரணம் சொன்னது. ஊழியர் நலன் என்பது நியாயமான காரணம். அதைப் பரிகாசம் செய்ய எனக்கு மனமில்லை. மிரட்டலை வாங்கிக்கொள்வது விளம்பரம் எழுதியவர் அல்ல, கவுண்டரில் நிற்கும் பையன்.

(ஒரு இடைச்செருகல். அதே மாதிரிக் கோபத்தைச் சந்தித்த ஹிந்துஸ்தான் யூனிலீவர் சர்ஃப் எக்ஸல் விளம்பரத்தை எடுக்கவில்லை. துணிச்சல் என்று பாராட்டலாம். எனக்கு என்னவோ விநியோக முறையும் ஒரு காரணம் என்று படுகிறது. பத்து ரூபாய் சோப்புத்தூள் அண்ணாச்சி கடையில் நூறு பொருட்களோடு தொங்குகிறது. எங்கே போய்க் கல்லெறிவது? நகைக்கடைக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. தனிஷ்க்கை நடத்தும் டைட்டனில் டாடாவோடு தமிழ்நாடு அரசின் டிட்கோவுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதையும் சும்மா சொல்லி வைக்கிறேன்.)

தனிஷ்க் படம் நல்ல படைப்பா என்றால், இல்லை. அந்த வீட்டில் ஒரு பெரியப்பாகூட முணுமுணுக்கவில்லை. கலப்புத் திருமணம் நடந்த எந்த வீட்டில் அப்படி இருந்தது? எல்லோர் முகத்திலும் ஒரே அளவு புன்னகை, ஒரே அளவு தங்கம். நம் ஊரில் பொலிடிகல் கரெக்ட்னஸ் விளம்பரத்துக்குள் நுழைந்தால் முதலில் வெளியேறுவது நகைச்சுவைதான். ஆனால் இது ரசனை சார்ந்த புகார். அந்தப் படத்தால் யார் குறைந்துபோனார்கள் என்று தேடினால் ஒருவரும் அகப்படவில்லை. கோபப்பட்டவர்களை உறுத்தியது ஒரு மருமகளின் சந்தோஷம்.

ஆக, இரண்டு விளம்பரங்கள். ஒன்று, ஏற்கனவே தெருவில் வசவாகப் புழங்கும் பெயரை எடுத்துச் சிரிப்பாக்கி மறுபடி தெருவுக்கே அனுப்பியது. இன்னொன்று, சிலருக்குப் பிடிக்காத ஒரு குடும்பத்தைக் காட்டியது. இரண்டுக்கும் அறிக்கை ஒன்றே: நோக்கம் நல்லது, அறியாமல் புண்படுத்தியிருக்கலாம், எடுத்துவிட்டோம்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய சோம்பேறித்தனம். என்ன பிழை வந்தாலும் ஒரே 'கேட்ச்' வலையில் பிடித்து, "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று ஒரே வரியைத் திரையில் காட்டுவோம். பயனர் பாஸ்வேர்டை மாற்றி அடித்தாலும் அதே வரி, டேட்டாபேஸ் எரிந்து போனாலும் அதே வரி. நிரல் நிற்காமல் ஓடும். எது உடைந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. இந்த மன்னிப்புகளிடம் எனக்கு உள்ள வழக்கு இதுதான். கச்ரா விளம்பரத்தில் தவறு செய்தோம் என்று அவர்கள் சொல்லவில்லை. தனிஷ்க் விளம்பரத்தில் தவறே இல்லை என்றும் சொல்லவில்லை. காயத்தையும் கடுப்பையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள். பிறகு, தலித் ஒருவர் இது என்னை இழிவுபடுத்துகிறது என்று சொல்லும்போது, "ஆமா, இப்பல்லாம் எல்லாருக்கும்தான் புண்படுது" என்று பதில் சொல்வது சுலபமாகிவிடுகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக இருக்கிறது என்பது வேடிக்கை. 2013இல் 'பிசினஸ் டுடே' இதழ் தோனியை விஷ்ணுவாக அட்டையில் வரைந்தது. பல கைகள், ஒவ்வொன்றிலும் அவர் விளம்பரம் செய்யும் பொருள், காலணி உட்பட. விளம்பரத்தைக் கிண்டல் செய்த படம் அது. இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவில் வழக்குப் போட்டார்கள். வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்யப்பட்ட அவமதிப்புக்குத்தான் அந்தப் பிரிவு பொருந்தும் என்று சொல்லி 2017இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. நீதிமன்றம் நோக்கத்தைக் கேட்கிறது. கம்பெனி ஹேஷ்டேக் எண்ணிக்கையைக் கேட்கிறது.

அதே 2017இல் ஆஸ்திரேலியாவில் ஆட்டிறைச்சிக்கு ஒரு விளம்பரம் வந்தது. ஏசு, புத்தர், ஜீயஸ், பிள்ளையார் எல்லோரும் ஒரே மேசையில் விருந்து சாப்பிடுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து சாப்பிடக்கூடிய கறி இது என்பது சேதி. ஆங்கிலத்தில், எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் பேசாத சங்கதியை அறைக்குள் நிற்கும் யானை என்பார்கள்; பிள்ளையாரை வைத்து அந்த ஜோக். நபிகள் வரவில்லை, குழந்தையைக் காப்பகத்திலிருந்து கூட்டிவரும் வேலை இருப்பதாகத் தொலைபேசியில் வருத்தம் தெரிவிக்கிறார். இந்தியத் தூதரகம் எதிர்ப்புத் தெரிவித்தது. முதலில் புகார்களைத் தள்ளிய அந்நாட்டு விளம்பரத் தர வாரியம், மறுபரிசீலனையில் முடிவை மாற்றிக்கொண்டது.

எனக்கு அதில் புண்படவில்லை, ஆனால் சிரிப்பும் வரவில்லை. பிள்ளையாரைப் பற்றி எழுதியவருக்குத் தெரிந்தது தும்பிக்கை மட்டும். சைவப் படையல் வாங்கும் சாமியைக் கறிவிருந்தில் உட்காரவைத்தால் அதிலிருந்து எத்தனை நல்ல ஜோக் எழுதலாம்! கொழுக்கட்டை எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட நான் அவர் பக்கம் சாய்ந்திருப்பேன். அந்தக் கூட்டத்தில் யாரைக் காட்டக் கூடாது என்பதில் இருந்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கு, காட்டியவர்களைத் தெரிந்துகொள்வதில் இல்லை.

சாமியைக் கிண்டலடிப்பது நமக்குப் புதிதில்லை. 'திருவிளையாடல்' (1965) தருமி சிவனிடமே கேள்வி கேட்டு மாட்டிக்கொள்ளும் காட்சியைக் கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் கேட்டுச் சிரித்துக்கொண்டே சாமி கும்பிட்டவர்கள் நம்மவர்கள். காளமேகத்திடம் வசவு வாங்காத சாமி குறைவு. இதைச் சொல்லி, ஆகா நம் மரபு எவ்வளவு சகிப்புத்தன்மை வாய்ந்தது என்று உருகவும் எனக்குத் தயக்கம். பெரியபுராணத்தில் சுந்தரர் சிவனோடு தோழனாகச் சண்டை போடுகிறார். அதே நூலில் நந்தனார் கோயிலுக்கு வெளியே நிற்கிறார். அவர் பார்ப்பதற்காக நந்தி விலக வேண்டியிருக்கிறது. கிண்டலடிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதும் அந்த மரபில் எழுதியே இருக்கிறது. கச்ராவை வைத்து ஜோக் எழுதிய அறையில் எத்தனை கச்ராக்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கேள்விக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

தனிஷ்க்குக்கு அந்த வருடம் இன்னொன்றும் நடந்தது. வளைகாப்பு விளம்பரத்தை எடுத்து ஒரு மாதம் ஆவதற்குள் தீபாவளி விளம்பரம் வந்தது. அதில் வரும் பெண்களில் ஒருவர் இந்த முறை பட்டாசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்துக்கள் பண்டிகையை எப்படிக் கொண்டாட வேண்டும் என்று சொல்ல நீ யார் என்று மறுபடி புறக்கணிப்பு, அதையும் எடுத்துவிட்டார்கள்.

தீபாவளி முடிந்த மறுநாள் காலையில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். லட்சுமி வெடியின் தாள்கள் சிதறிக் கிடக்கும். மேலே அச்சடித்திருக்கும் தாமரையும் புடவையும் பாதி முகமும் செருப்புக் காலில் மிதிபடும். சிவகாசியில் சாமி படம் போட்ட பட்டாசுக்குத் தடை வேண்டும் என்று அவ்வப்போது யாராவது மனு கொடுப்பார்கள். வாங்குகிற யாரும் உறையைப் பார்ப்பதில்லை. சத்தம் நன்றாக இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.