வளர்ப்பு முறையும் தாயின் நம்பிக்கையும்

பெற்றோரை வளர்ப்பு முறையால் வகைப்படுத்தும் ஆய்வுமரபு, 1960களில் அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பௌம்ரிண்ட் செய்த பணியால் வேரூன்றியது. பாலர் பள்ளிக் குழந்தைகளையும் பெற்றோரையும் கவனித்து அவர் மூன்று முறைகளைப் பிரித்தார்: சொன்னதற்குக் கீழ்ப்படியவைக்கும் அதிகார முறை, கேட்டதற்கெல்லாம் இடங்கொடுக்கும் முறை, காரணம் சொல்லிக் கண்டிக்கும் கனிவான முறை. 1983இல் எலினோர் மெக்கோபியும் ஜான் மார்ட்டினும் பாராமுகத்தை நான்காவதாகச் சேர்த்தனர்.

கண்டிப்பும் அன்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று காட்டியதே இந்த வகைப்பாட்டின் பெரும் பலன். இரண்டும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களோடு ஒத்துப்போவதிலும் கோபத்தை அடக்குவதிலும் பொதுவாக மேம்பட்டிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஆனால் அளவுகோல் எல்லா மண்ணுக்கும் ஒன்றல்ல. அமெரிக்காவில் குடியேறிய சீனத் தாய்மாரின் கண்டிப்பு, அதிகாரத்தைவிடப் பிள்ளையைப் பழக்கி ஆளாக்கும் அக்கறையையே சார்ந்தது என்று ரூத் சாவோ 1994இல் வாதிட்டது நியாயமே.

முறையைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, அழுது புரளும் மூன்று வயதுப் பிள்ளையிடம் அதைக் கைக்கொள்வது வேறு. இந்த இடைவெளியை விளக்க ஆல்பர்ட் பண்டூராவின் 1977ஆம் ஆண்டுக் கருத்து உதவுகிறது: தன்னால் முடியும் என்று நம்புபவரே தடை வந்தாலும் முயற்சியை விடுவதில்லை. அந்த நம்பிக்கை தளர்ந்த தாய் ஒருநாள் அதட்டி, மறுநாள் விட்டுக்கொடுக்கிறாள். குழந்தைக்கு எல்லை எதுவென்று புரிவதில்லை. டெட்டியும் கெல்ஃபண்டும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. தாயின் மனச்சோர்வு, சுற்றத்தாரின் துணை, குழந்தையின் சுபாவம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் இந்த நம்பிக்கையின் வழியாகவே அவளுடைய நடத்தையைப் பாதிக்கின்றன என்றது. அப்படியென்றால் நம்பிக்கைக் குறைவைத் தாயின் குணக்குறையாகக் கருதி, அவளுக்கு மட்டும் அறிவுரை சொல்லும் திட்டங்கள் பாதி வேலையைத்தான் செய்கின்றன. இரவில் குழந்தையை ஏந்திக்கொள்ள இன்னொரு கை இருக்கிறதா என்பதையும் அவை கேட்டாக வேண்டும்.

ஆய்வுமுறையிலும் ஓட்டைகள் உண்டு. தன் வளர்ப்பு, தன் நம்பிக்கை, பிள்ளையின் நடத்தை ஆகிய மூன்றுக்கும் பல ஆய்வுகளில் ஒரே தாய்தான் கேள்வித்தாளில் விடை தருகிறாள். மனம் சோர்ந்திருந்தால் மூன்றும் ஒருசேர இருண்டு தெரியும். தந்தையும் தாத்தா பாட்டியும் கணக்கில் வருவதே அரிது. மேலும், பிள்ளையும் பெற்றோரை மாற்றுகிறது என்று ரிச்சர்ட் பெல் 1968இலேயே எச்சரித்தார்: அடங்காத பிள்ளை தாயின் உறுதியைக் குலைப்பதும், உறுதி குலைந்த தாயால் பிள்ளை அடங்காமல் போவதும் ஒருநாள் எடுத்த கணக்கில் ஒன்றுபோலவே பதிவாகும். ஆசிரியரின் மதிப்பீடும் நேரடிக் கவனிப்பும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால்தான் எது முந்தியது என்று பிரித்தறிய வழி பிறக்கும்.