நடிகமணி வைரமுத்துவும் இசை நாடக மரபும்

ஈழத்துத் தமிழ் அரங்கு பற்றிய ஆய்வுகளில் நாட்டுக்கூத்துப் பெற்ற கவனத்தை இசை நாடகம் பெறவில்லை. சரச்சந்திரரின் ‘மனமே’ 1956இல் சிங்கள அரங்கில் ஏற்படுத்திய விழிப்பையடுத்து, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றை மேடையேற்றினார். கற்றோர் நாட்டம் கூத்தின்பால் திரும்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகக் குழுக்களோடு வந்த இசை நாடகமோ, பார்சி அரங்கின் திரைச்சீலையும் ஆர்மோனியமும் கொண்ட கலப்பு வடிவமெனக் கருதப்பட்டது. இக்கணிப்பு மறுபரிசீலனைக்குரியது. அதற்குத் தக்க சான்று, காங்கேசன்துறையைச் சேர்ந்த வி. வி. வைரமுத்துவின் (1924–1989) கலைவாழ்வாகும்.

அவரது வசந்த கான சபா ‘அரிச்சந்திர மயான காண்ட’த்தை ஆயிரக்கணக்கான தடவைகள் மேடையேற்றியது. கதை அனைவரும் அறிந்ததே. ஆயினும் கோயில் வீதிகளில் மக்கள் விடியும்வரை அமர்ந்திருந்தனர். என்ன நிகழும் என்பதற்காகவன்றி, எவ்வாறு பாடப்படும் என்பதற்காகவே அவர்கள் வந்தனர். பாடகனும் சுவைஞரும் இவ்வாறு ஒரு கதையைப் பொதுவுடைமையாகக் கொள்வதே நாட்டார் கலையின் அடிப்படைப் பண்பு. மெட்டு எங்கிருந்து வந்தது என்பது அதற்கு அடுத்த வினாவேயாம்.

இசை நாடகத்தில் இராக விரிவு நாடகத்தை விழுங்கிவிடுகின்றது என்பது ஒரு குற்றச்சாட்டு. நடிகர்கள் போட்டிக்குப் பாடிய மேடைகளில் இது உண்மையே. ஆனால் மயான காண்டத்தின் அமைப்பு அதற்கு எளிதில் இடந்தராது. இறந்த மைந்தனைச் சுமந்து வரும் சந்திரமதியிடம் சுடலைக் காவலன் கூலி கேட்கின்றான். அவளே தன் மனைவியென அறிந்த பின்னரும் கடமையைக் கைவிட முடியாதவனாய் நிற்கின்றான். ஈண்டு பாட்டு அலங்காரமன்று. பேச்சுத் தாங்கமாட்டாத துயரைத் தாங்கும் கருவி. உச்சத்தாயியில் தடையின்றி ஒலித்த வைரமுத்துவின் குரல் தன் பயனைக் கண்டது இவ்விடத்திலேயே.

இந்நாடகத்தில் மன்னன் சுடலை காப்போனின் அடிமையாகின்றான். வைரமுத்து நடித்த ‘பக்த நந்தனா’ரில் அடியவன் கோயிலுக்கு வெளியே நிற்கின்றான். காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரத்தில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்ததென்பதை நினைவுகூர்ந்தால், இவை வெறும் புராணக் கதைகளாகா. எனினும் இந்நாடகங்கள் சாதியமைப்பை நேர்நின்று வினவவில்லை. தெய்வ அருளில் முடிவு கண்டன. அவற்றின் எல்லையும் அதுவே.

வைரமுத்து 1989இல் மறைந்தார். மறு ஆண்டு போரினால் காங்கேசன்துறை மக்கள் இடம்பெயர்ந்தனர். பாடகனையடுத்துச் சுவைஞர் கூட்டமும் சிதறியது. ஒலிப்பதிவுகள் குரலைக் காக்கலாம். விடியும்வரை விழித்திருந்த அவையைக் காக்கமாட்டா. அந்த அவையின் நினைவுகள் முதியோரோடு மறையுமுன் அவற்றைத் தொகுப்பது பல்கலைக்கழகத்தின் கடன். கலப்பென்று ஒதுக்கியவற்றுள் மக்கள் எதைத் தமதாக்கிக்கொண்டனர் என்பதைக் காணாத வரலாறு அரங்க வரலாறு ஆகாது.