அந்தோனியோ றிச்சி என்னும் தந்தை

விற்றோரியோ டி சிகா 1948இல் நெறியாள்கை செய்த ‘துவிச்சக்கர வண்டித் திருடர்கள்’ என்னும் இத்தாலியத் திரைப்படம், போருக்குப் பிந்திய உரோம் நகரின் வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சித்திரிக்கும் சமூக ஆவணமாகவே பெரிதும் போற்றப்பட்டு வந்துள்ளது. அது பொருத்தமற்றதன்று. ஆயினும் இந்நோக்கு, படத்தின் நடுவே நிற்கும் தந்தையை வெறும் பலிப்பொருளாகக் குறுக்கிவிடுகின்றது.

கதை மிகச் சிறியது. நெடுநாள் வேலையற்றிருந்த அந்தோனியோ றிச்சிக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கின்றது. வண்டி இருந்தாலன்றி வேலையில்லை. வண்டியோ அடகில் கிடக்கின்றது. மனைவி மரியா படுக்கை விரிப்புகளை உருவி அடகுவைத்து அதனை மீட்கின்றாள். அப்பொதியைச் சுமந்தபடி ஊழியனொருவன், பிற குடும்பங்களின் விரிப்புகள் வானளாவ அடுக்கப்பட்ட தட்டுகளில் ஏறிச் செல்கின்றான். ஒரு நகரத்தின் வறுமையை உரையாடலின்றி இதனினும் செறிவாகக் கூறுதல் அரிது. முதல் நாளிலேயே வண்டி களவுபோகின்றது. பின்னர் மகன் புரூனோவுடன் சந்தைகளெங்கும் தேடியலைவதே படம்.

இவ்வலைச்சலில் வெளிப்படும் விடாமுயற்சி காவியத் தலைவனுடையதன்று. மழையில் சறுக்கி விழும் மகனைக் கவனியாமலே அவன் நடக்கின்றான். தடயமறிந்த கிழவன் கைநழுவியதும், குறைகூறிய சிறுவனை அறைந்தும் விடுகின்றான். சற்று நேரத்தில் ஆற்றில் யாரோ சிறுவன் மூழ்குவதாகக் கூக்குரல் எழ, வண்டியை மறந்து கரைநோக்கி ஓடுகின்றான். மூழ்கியவன் புரூனோ அல்லன் என அறிந்தபின் மகனை உணவகத்துக்கு அழைத்துச் செல்கின்றான். கையிருப்புக்கு மீறிய விருந்து அது. இழந்த சம்பளத்தை அங்கு மகனைக்கொண்டே கடதாசியிற் கணக்கிடுவிக்கின்றான். அன்பும் அச்சமும் பிரிக்கவியலாது கலந்துள்ள இக்காட்சியே படத்தின் உச்சம் என்பேன். பலரும் புகழும் இறுதிக்காட்சியன்று.

மகனைச் சான்றோனாக்குதலைத் தந்தையின் கடனாகப் புறநானூற்றுப் பொன்முடியார் வகுத்தார். அவ்வளவுகோலின்படி அந்தோனியோ தோற்றவனே. வழியனைத்தும் அடைபட்ட நிலையில், மகனை டிராம் வண்டியில் அனுப்பிவைக்க முயன்று, தானே ஒரு வண்டியைத் திருடி அகப்படுகின்றான். டிராமைத் தவறவிட்ட சிறுவன் அனைத்தையும் காண்கின்றான். இங்கு நாம் வினவவேண்டியது ஒன்றுண்டு: மகன் காணக்கூடாதென்று அவனை அனுப்ப முயன்ற அந்த வெட்கம் எதன் அடையாளம்? கடனை மறந்தவனுக்கு அவ்வெட்கம் வாராது. அக்கடன் அவனுள் உயிரோடிருப்பதனாலன்றோ மகனின் பார்வை அவனைச் சுடுகின்றது?

அமெரிக்காவில் இப்படம் ‘துவிச்சக்கர வண்டித் திருடன்’ என ஒருமையில் வெளியிடப்பட்டது. மூலத்தின் பன்மையை அழித்தமை பெரும் பிழையே. அப்பன்மையுள் தந்தையும் அடங்குவான். அவனை வெளியேற்றிவிட்டால் எஞ்சுவது துப்பறியும் கதை.

அந்தோனியோவாகத் தோன்றிய லம்பேற்றோ மஜ்ஜியோறானி நடிப்புத்தொழில் அறியாத தொழிற்சாலைத் தொழிலாளி. இறுதியில், வண்டிக்குரியவர் சிறுவனின் முகத்தைக் கண்டு முறையிடாது விட்டுவிட, தந்தை அழுதுகொண்டே நடக்கின்றான். கீழே வீழ்ந்த தொப்பியைத் தூசுதட்டிக் கொடுத்த புரூனோ, தன் கையை அவன் கைக்குள் நுழைக்கின்றான். இருவரும் கூட்டத்தினுள் மறைகின்றனர், வண்டி கிடைக்கவேயில்லை.